ஊதாப் பூவுக்கு ஆரஞ்சு நூல்

"ஏங்க, இது நம்ம பெட்டி இல்ல!"

விடுதி அறையின் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அலறினாள் தையற்காரம்மா. குளியலறையிலிருந்து முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார் கணவர்.

"நல்லாப் பாரு. நீலப் பெட்டி, ஒரு சக்கரம் உடைஞ்சிருக்கு. நம்மளுதுதான்."

"உள்ள பாருங்க."

பெட்டி நிறையத் துணிப் பூக்கள். அத்தனையும் ஊதா நிறம், கம்பிக் காம்பு. நூறு, நூற்றைம்பது இருக்கும்.

அவர் முப்பது வருடம் தபால் நிலையத்தில் பார்சல் பிரித்தவர். தன் கையில் ஒரு பார்சல்கூட இடம் மாறிப் போனதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் சொந்தப் பெட்டியை ரயில் நிலையத்தில் கோட்டை விட்டிருந்தார்.

"பார்சல்னா மேல விலாசம் இருக்கும். இதுல என்ன இருக்கு?" என்று முணுமுணுத்தபடி பெட்டியைப் புரட்டினார். மூடியின் உள்பக்கம் ஒரு செல் நம்பர் எழுதியிருந்தது. அடித்துப் பார்த்தார். வேறு யாருடனோ பேச்சில் இருப்பதாகச் சொன்னது.

அதே நேரம் அவளுடைய செல் ஒலித்தது. மறுநாள் அவர்களைக் காட்டுப் பூ பார்க்க அழைத்துப் போகவிருந்த வழிகாட்டிப் பையன்.

"அம்மா, வந்து சேர்ந்துட்டீங்களா? நாளைக்கு மலைக்குப் போறது கொஞ்சம் சந்தேகம்மா. திடீர்னு ஒரு சிக்கல். சாயங்காலம் சொல்றேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கடைக்கு நாலு நாள் பூட்டு. மூன்று பேர் ரவிக்கைக்காகக் கோபித்துக்கொண்டும் கேட்காமல் கிளம்பி வந்திருந்தாள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பூவாம். இந்த முறை விட்டால் அடுத்த முறைக்கு முழங்கால் மலையேற ஒத்துழைக்குமோ என்னவோ.

"துணியில ஆயிரம் பூ வெச்சிருப்பேங்க. தானா பூத்த பூவை, பூத்த இடத்துலயே போய் ஒரு தடவை பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். அதுகூட எனக்குக் கொடுத்து வைக்கல."

"மலையில மழையா இருக்கும். விட்டுடும்" என்றார் அவர். ஆறுதல் சொல்வதில் அவர் என்றைக்குமே கைராசிக்காரர் இல்லை.

கை சும்மா இருந்தால் அவளுக்கு மனசும் சும்மா இருக்காது. பெட்டியிலிருந்து ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அழுகை போய் எரிச்சல் வந்தது.

"என்ன தையல் இது? இதழெல்லாம் கழண்டு தொங்குது. இவனுக்கெல்லாம் யாரு ஊசியைக் கொடுத்தது?"

"அடுத்தவன் பெட்டி. கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்."

அவள் அதற்குள் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டாள். மூன்று பூக்களின் இதழ்களைக் காம்போடு சேர்த்துத் தைத்து, வழக்கமான இரட்டை முடிச்சும் போட்டாள்.

"ஊதாப் பூவுக்கு ஆரஞ்சு நூலா?"

"கையில இதுதான் இருக்கு. அடிப்பக்கம்தானே, யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

அடுத்த முறை அடித்தபோது அந்த நம்பர் கிடைத்தது. எதிர்முனையில் ஒரு ஆள் கிட்டத்தட்ட அழுதான்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! உங்க பெட்டி என்கிட்ட பத்திரமா இருக்கு. நான் அலங்கார வேலை செய்றவன்யா. விடியறதுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும். அது இல்லேன்னா என் பிழைப்பே போச்சு."

அரை மணியில் வந்து பெட்டியை மாற்றிக்கொண்டு, நாலு முறை கும்பிட்டுவிட்டுப் போனான். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பார்த்தியா? போக வேண்டிய இடத்துக்குச் சரியாச் சேர்த்துட்டேன்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் வழிகாட்டிப் பையனே கூப்பிட்டுவிட்டான். "அம்மா, சிக்கல் தீர்ந்துடுச்சு! காலையில ஏழு மணிக்கு வண்டி வரும். ரெடியா இருங்க."

எப்போதும் இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிறவள் அன்றிரவு நாலு தின்றாள் என்று அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

மறுநாள் மலைச் சரிவில் பன்னிரண்டு பேர் மூச்சிரைக்க நின்றார்கள். எதிரே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால், புல்லுக்கு நடுவே, ஊதா ஊதாவாகப் பூக்கள்.

"யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது" என்றான் வழிகாட்டி. "மூச்சுக் காத்து பட்டாலே வாடிடும். அவ்வளவு மென்மை."

தையற்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்தது வீண் போகலீங்க" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விதவிதமாகப் படம் எடுத்தார்.

ஆனால் இருபத்திரண்டு வருடமாகத் துணியைத் தொட்டுப் பார்த்தே வாங்கிப் பழகிய கை. யாரோ ஏதோ கேட்க வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பினான். அவள் முழங்காலையும் மறந்து கயிற்றுக்கடியில் நுழைந்து, முதல் பூவின் அருகே மண்டியிட்டுக் குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

வழிகாட்டி பதறிக்கொண்டு ஓடி வந்தான். "அம்மா, தொடாதீங்க! படைச்சவன் கையைத் தவிர வேற கை படாத பூம்மா அது!"

அவள் பூவை லேசாகத் திருப்பி அவனுக்குக் காட்டினாள்.

"படைச்சது யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. இந்த ஆரஞ்சு முடிச்சு நான் போட்டது."