வாசலில் பிரிஞ்சிக் கொத்து

இரண்டாவது ஜாடியும் காலியாகிவிட்டதே! சபேலா அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். இந்த ஒயினைத்தான் 'வெறும் புளிச்ச தண்ணி' என்று சலித்துக்கொண்டு, திராட்சைக் கொடிகளை நாளை வெட்டி எறியப்போகிறான் அவள் கணவன் பிராயிஸ்.

"இந்தக் கடற்கரையில பதினோரு வீட்டுல குடிச்சிட்டோம்க்கா. இந்த ருசி எங்கேயும் இல்ல!" என்றாள் கணவனோடு காரில் வந்த பெண். "நல்லவேளை, வாசல்ல பிரிஞ்சிக் கொத்தைப் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லாதேங்கிறாரு இவரு. நான் ஊர் பூரா சொல்லத்தான் போறேன்!"

"தாராளமா சொல்லும்மா," என்று மூன்றாவது ஜாடியை வைத்தாள் சபேலா.

அவர்கள் கிளம்பிய நேரம், பிராயிஸ் படகிலிருந்து சிப்பிக் கூடையோடு வந்தான்.

"யாரு இவங்க?"

"ஒயின் குடிக்க வந்தவங்க. மூணு ஜாடி!"

"நம்ம வீட்டுலயா? நாம என்னிக்கு ஒயின் வித்தோம்?"

அவள் வாசலைக் காட்டினாள். அந்தக் கடற்கரையில் சொந்த ஒயின் விற்கும் வீடுகள்தான் வாசலில் பிரிஞ்சி இலைக் கொத்தைத் தொங்கவிடும். சபேலாவோ ஒரு கொத்தைக் குழம்புக்காகக் காலையில் அங்கே கட்டிக் காயப் போட்டிருந்தாள்.

"அடிப்பாவி! அடுத்த கார் நிக்கிறதுக்குள்ள அதை அவுத்துடு."

"இலை இன்னும் காயல, பிராயிஸ்," என்றவள், கழுவிய கோப்பைகளை மறுபடியும் மேசையில் அடுக்கினாள்.