நூற்றுக்கு ஐந்து

"டீச்சர், கோஷம் போடறதா இருந்தா கீழே கேட்டுக்கு வெளியே போடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

கையிருப்பு நிதியின் புதிய ஆணையர், எதிரே வந்து நின்ற ஆசிரியர் சங்கத் தலைவியிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஆனால் தலைவியைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகள் அந்த அறையில் ஒரு கட்டே இருந்தன.

"கோஷம் போட வரலை சார். உட்காரலாமா?"

செம்புச் சுரங்கங்கள் கொழித்த காலத்தில், வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வளர்த்த நிதி அது. வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. இப்போது செம்பு விலை அதலபாதாளத்தில். இந்த முறை மட்டும் பதினைந்து எடுத்துக்கொள்ள அரசு சம்மதம் கேட்டிருந்தது. மாலைக்குள் ஆணையர் பதில் எழுதியாக வேண்டும்.

"உங்க சம்பள உயர்வும் அதுலதான் வருது. 'சரி'ன்னு எழுதச் சொல்லத்தானே வந்தீங்க?"

"'முடியாது'ன்னு எழுதச் சொல்ல வந்தேன்."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஆளுங்களுக்குத்தானே நஷ்டம்?"

"உயர்வு போகும். சம்பளம் தங்கும். ஒரு தடவை திறந்தா அதோட நிக்காது. பதினஞ்சு பதினஞ்சா உருவினா, ஆறேழு வருஷத்துல சம்பளமே போயிடும். பக்கத்து மாநிலத்துல ஆறு மாசமா டீச்சருங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போறாங்க. எங்களுக்கு ஒண்ணாம் தேதி டாண்ணு வருது. யாரால? பழைய ஆணையரால."

"'இரும்புப் பெட்டி'ன்னு திட்டுவீங்களாமே, அவரையா?"

"பேரு வெச்சதே நான்தான். நல்ல வருஷமெல்லாம் இந்த ஜன்னலுக்குக் கீழே நின்னு, 'திற, திற'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மனுஷன் அசையலை. அசைஞ்சிருந்தா இன்னிக்கு நாங்க நடுத்தெருவுல. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். விலை விழுந்தது அதுக்கப்புறம். ஒரு வார்த்தை நன்றி சொல்லக் குடுத்து வைக்கலை."

ஆணையர் தண்ணீர் டம்ளரைத் தலைவியின் பக்கம் நகர்த்தினார்.

"மறுக்கணும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நாளைக்கே கீழே கூட்டம் கூடுமே டீச்சர்?"

"கூடும். முன்வரிசையில நானே நிப்பேன். சங்கம்னா கேக்கணும். இந்த நாற்காலின்னா மறுக்கணும். நீங்க ஜன்னலைச் சாத்திக்குங்க."

ஆணையர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்தார். 'ஐந்துக்கு மேல் இயலாது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டார்.

தலைவி எழுந்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அவரோட உருவபொம்மையைக்கூட எரிச்சிருக்கீங்க. அவருக்கு உங்க மேல கோபமே வரலையா?"

"கோபமா!" தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொம்மைக்குப் போட அலமாரியில சட்டை தேடிக்கிட்டிருந்தேன். 'என்னை எந்தச் சட்டையில வேணா எரிச்சுக்கோ, கல்யாண நாளுக்கு நீ எடுத்துக் குடுத்த நீலச் சட்டையை மட்டும் விட்டுடு'ன்னார் என் வீட்டுக்காரர்."