வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வேற்று நாட்டில், ஐந்தாவது மாடியில் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பூரணி அந்த வெள்ளிக்கிழமை கழுவிவிட்டாள். கணவன் பரிதி வேலைக்குப் போனதும் கூடத்தில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த துடைப்பத்தால் தள்ளினாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வீட்டுத் தரையில் தண்ணீர் வெளியேற எங்குமே ஓட்டை இல்லை. குளியலறையில்கூட இல்லை. தள்ளிய தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பி அவள் காலுக்கே வந்தது. நின்ற இடத்திலேயே அழுதாள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மணியை ஒருவரும் அடித்ததில்லை. ஊருக்குப் போகிறேன், டிக்கெட் போடுங்கள் என்று காலையில்தான் பரிதியோடு சண்டை போட்டிருந்தாள்.

மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி, தலையெல்லாம் ஈரம். தன் பாஷையில் கத்த ஆரம்பித்தவள், தூக்கிச் செருகிய புடவையையும் துடைப்பத்தையும் பார்த்து நிறுத்தினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.

இருவரும் மண்டிபோட்டு, துண்டுகளால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தார்கள்.

"வீடு கட்டத் தெரியுது, ஒரு ஓட்டை போடத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள் பூரணி.

அவளும் பதிலுக்கு நீளமாகத் திட்டினாள். திட்டி முடித்துச் சிரித்தாள்.

கைபேசி அடித்தது. "நாளைக்கே டிக்கெட் இருக்கு. போட்டுடவா?" என்றான் பரிதி.

"அப்புறம் பேசுறேன், வைங்க. வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க."