செவந்தி எலியின் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்

பனி கொட்டும் மலையொன்றில், மரத்தடி வளையில் செவந்தி எலி குடியிருந்தாள். பிரசவ நாள் நெருங்கியிருந்தது. பிறக்கப்போவது எட்டோ பத்தோ, ஒன்றைக்கூடக் குளிர் தாக்கக் கூடாதென்று மரங்கொத்தி ஆசாரியிடம் நல்ல ஜன்னல் கேட்டாள்.

“ரெட்டைக் கண்ணாடி போட்டுக்க தாயி. நடுவுல காத்தை அடைச்சு மூடிருவேன். வீட்டுச் சூடு வெளியே போகாது” என்றார் ஆசாரி.

மாட்டிய அன்றே வளை கதகதப்பானது. செவந்தி நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள். அவள் புருஷன் மொட்டையனுக்கோ அந்த இடைவெளி கண்ணை உறுத்தியது. காலி இடத்தைக் கண்டால் எந்த எலிக்குத்தான் பல் சும்மா இருக்கும்? வெளிப்பக்கமாகப் போய், சட்டத்தில் தன் உடம்பு நுழையுமளவு கொறித்து, உள்ளே சோளத்தைக் கொட்டி நிரப்பினான்.

செவந்தி விழித்தபோது வீடு இருட்டு, வால் நுனி ஐஸ்.

“ஏங்க, ஜன்னலை என்ன பண்ணினீங்க?”

“இடம் வீணாக் கிடந்துச்சே, புள்ள.”

“அந்தக் காத்துதாங்க பிள்ளைகளுக்குப் போர்வை.”

சோளத்தை அள்ளவைத்தாள். அதே ஓட்டையில் அவனையே அடைப்பாகத் திணித்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தினான். வீடு மறுபடி சூடானது, பத்துக் குட்டிகளும் சுகமாகப் பிறந்தன.

மூன்றாம் நாள் செப்பனிட வந்த ஆசாரி, சட்டத்தில் சிக்கியிருந்த மீசையைப் பார்த்து விழித்தார்.

“புதுச் சட்டம் மாட்டிரட்டுமா தாயி?”

குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடியே செவந்தி சொன்னாள்: “அவசரமில்லை ஆசாரி. இது நல்லாத்தான் அடைக்குது. கோடை வரட்டும்.”