அத்தாவின் கார்

சிவகாசியில் அச்சகம் நடத்திய சுஃபியான், அத்தாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை 2005-லிருந்து இரண்டு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்கையாவது புதுசா மாத்துவோம் பாய். வெளிய தெரியாது," என்று கெஞ்சினார் மெக்கானிக் மாரிக்கண்ணன்.

"வேணாம்ணே. அத்தா ஓட்டுனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும்."

பழைய ஹாரன் ஒன்றுக்காகக் கோவைக்கும் சென்னைக்கும் அலைந்து இருவரும் ஓய்ந்துபோனார்கள்.

வண்டி தயாரான அன்று, சுஃபியான் அத்தாவைக் கைபிடித்து அழைத்துவந்தான். அவர் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார்.

"அட, இது என் காருதானே!"

மூன்று வருடமாக எதையுமே அடையாளம் தெரியாமலிருந்தவர் அவர். சுஃபியானுக்குக் கண் கலங்கியது.

அத்தா அவன் தோளைத் தட்டினார். "நல்லா செஞ்சிருக்கீக மெக்கானிக்கு. எம் மவன் சுஃபியான் வரட்டும், காட்டணும்."

"வந்ததும் சொல்றேங்க," என்றான் சுஃபியான்.