விட்டுப்போன வரி

“கொன்னது யாருன்னு சொல்லப் போறீங்களா, இல்லையா மேனேஜர்?”

ஏட்டு அப்பாதுரை தொப்பியைக் கழற்றி லாட்ஜ் கவுன்ட்டர் மேல் வைத்தார். சக்கரபாணிக்கு நெற்றியில் வியர்த்தது. காலையிலிருந்து இதே கேள்வியை அவரிடம் கேட்கும் நான்காவது ஆள் ஏட்டு. பால்காரர், பூக்காரம்மா, மூன்றாம் நம்பர் அறைக்காரர் எல்லோரும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏட்டின் கையில் அன்று வந்த வார இதழ் இருந்தது. அதில் சக்கரபாணி எழுதிய ஒரு பக்கக் கதை. பதினோரு வருஷமாக எழுதி எழுதி அனுப்பியதில் அச்சேறிய முதல் கதை.

நோட்டில் அவர் கிறுக்குவது அவருக்கே சில சமயம் புரியாது. அதையும் படித்து, செல்போனில் டைப் அடித்துப் பத்திரிகைக்கு மெயில் அனுப்புவது மனைவி கஸ்தூரி. கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று இதுவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் ஐந்து பிரதி வாங்கியவருக்கு, கதையைப் படித்ததும் தலை சுற்றியது. நிலக்கடலை மண்டி முதலாளியின் பாயசத்தில் யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள். எதிரே மனைவி, தம்பி, கணக்குப்பிள்ளை. உயிர் போகும் நேரத்தில் முதலாளி விரலை நீட்டுகிறார். கதை அத்தோடு நின்றுவிட்டது. கீழே பல்பொடி விளம்பரம்.

பாவிகள், பல்பொடிக்காகக் கடைசி வரியை வெட்டிவிட்டார்கள் என்று கொதித்தார். அவர் உயிரைக் கொடுத்து யோசித்த வரி அது.

ஏட்டிடம் அந்த வரியைச் சொன்னார். அலாரம் அடிக்கிறது, கண்டதெல்லாம் கனவு என்று சிரித்துக்கொண்டே முதலாளி பல் துலக்கப் போகிறார்.

“கனவா?” ஏட்டின் முகம் தொங்கிப்போயிற்று. “நான் தம்பிதான்னு நெனச்சிருந்தேன்.” வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சக்கரபாணி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் லேசாகச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு செய்த வேலையை அவர் எழுதிய எந்தக் கதையும் செய்ததில்லை. மதியத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டு இரண்டு கட்சியாகிவிட்டது. மனைவிதான் கொன்றாள் என்ற கட்சிக்காரர் ஒருவர் கோபத்தில் சவாரியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். அறையைக் காலி செய்ய வேண்டிய கும்பகோணம் தம்பதி, கணக்குப்பிள்ளையா இல்லையா என்று தெரியாமல் கிளம்புவதாக இல்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் நம்பர் தேடிப் பிடித்துப் பேசினார். சாப்பிடப் போன மெஸ்ஸில், கேட்காமலே இலையில் இரண்டாவது வடை விழுந்தது. வெயிலில் திரும்பி நடந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனாலும் வரியை வெட்டியவர்களைச் சும்மா விட மனசில்லை. நாலு மணிக்குத்தான் ஆசிரியர் லைனில் கிடைத்தார். சக்கரபாணி பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லையாம். இப்படி முடிக்காமல் முடிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்றார். மாசம் ஒரு கதை வேண்டும் என்றார்.

சக்கரபாணி தயங்கித் தயங்கிக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டார்.

“நீங்க அனுப்புனதுல ஒரு எழுத்தக்கூட நாங்க தொடலைங்களே” என்றார் ஆசிரியர்.

சக்கரபாணி ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கஸ்தூரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊர் பேசியது, ஆசிரியர் சொன்னது, மாசம் ஒரு கதை கேட்டது என எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். அவள் முகம் மலர்ந்தது.

“எப்படியோ டைப் அடிக்கிறப்ப அந்தக் கடைசி வரி தானா விட்டுப்போயிருக்கு. சாமியே பார்த்துச் செஞ்ச மாதிரி ஆயிடுச்சு பாரேன்” என்றார்.

கஸ்தூரி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“தானா போகலைங்க. நான்தான் தூக்கிட்டேன்.”