ஏழாம் நம்பர்

வயிற்று வலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவள் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பரீட்சை பயம், பாவம் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

உள்ளே நடுக்கம் காத்திருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இசைக் கல்லூரி முழுக்க அவளுக்கு இதுதான் பெயர். பரீட்சையில் தன் முறை வந்தாலே போதும், பியானோவில் வைத்த கை உதறத் தொடங்கிவிடும். தோழிகள் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிசிறில்லாமல் வாசிப்பாள்தான், ஆனால் அதற்கெல்லாம் யார் மார்க் போடுகிறார்கள்?

“யோசிச்சுக்கோ. நான் சொதப்பினா நீ வெளியில போயிடுவே” என்றாள் நடுக்கம்.

“அதுக்குத்தாண்டி இந்தப் பாடு. கொடு இப்படி.”

இவள் அப்பா அந்தக் கல்லூரியின் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர். மகளைப் பால்குடி மறந்ததும் பியானோ முன்னால் உட்கார வைத்தவர், இன்னும் எழுந்திருக்க விடவில்லை. வீடும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே. தூக்கம், சினிமா, சிநேகிதி வீடு என்று எதைக் கேட்டாலும் “முதல்ல இதை முடி” என்பார். அந்த ‘இது’ முடிந்த பாடில்லை.

அக்கா எப்படியோ தப்பித்துப் போய் வேறு ஊரில் பேக்கரி வைத்துவிட்டாள். ஃபெயிலாகி வந்து சேர், உன்னைக் கல்லாவில் உட்கார வைக்கிறேன் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தத் தேர்வில் தோற்றவர்களுக்குக் கல்லூரியில் இடமில்லை. முதலிடம் வந்தால் கதையே வேறு. முதல்வரின் தனி வகுப்பில் இன்னும் மூன்று வருடம்.

போன தேர்விலேயே இவள் வேண்டுமென்று தப்பாக வாசிக்கப் பார்த்தாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை, அப்பா பேச்சைத்தான் கேட்டன.

நல்லவேளையாக இந்தத் தேர்வு திரை போட்டு நடப்பது. ஆள் முகம் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாதென்று நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். நடையோசை கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் போய் வாசித்துவிட்டு வர வேண்டும். காலையில் குலுக்கிக் கொடுத்த டோக்கன் நம்பர்தான் பெயர். வாசலில் நிற்கும் ஊழியர் டோக்கனைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்.

இவளுடைய ஏழு அவள் கைக்குப் போனது. அவளுடைய பதினொன்று இவள் கைக்கு வந்தது. இவள் வாசிப்பில் நடுக்கம் தேறிவிடுவாள், அவள் சொதப்பலில் இவளுக்கு விடுதலை. யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டு.

பதினொன்றைக் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து, தோழிக்காக மனசார வாசித்தாள். கடைசித் தடவை என்று நினைத்தபோது அந்தக் கட்டைகள் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. வெளியே வந்தவளுக்கு மனசுக்குள் பேக்கரி வாசனையே அடித்துவிட்டது.

மாலையில் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அப்பா பக்கத்தில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல்வர் தொண்டையைச் செருமினார்.

இரண்டாவது இடம் பதினொன்று என்றார். நடுக்கத்தின் பெயரைக் கேட்டதும் கூடமே வாயைப் பிளந்தது. இவள்தான் முதலில் கைதட்டினாள்.

“முதலிடம், ஏழாம் நம்பர். நம்ம சுருதிக்காரர் மகள்.”

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை. அப்பா அழுதுவிட்டார், அத்தனை பேர் முன்னால். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாளையிலிருந்து விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிட வேண்டும், தனி வகுப்பு என்றால் சும்மாவா என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுக்கத்தைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

“என்னடி பண்ணித் தொலைச்சே? வழக்கம்போல சொதப்ப வேண்டியதுதானே?”

நடுக்கம் தன் விரல்களையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் நம்பர்தானேன்னு உட்கார்ந்தேண்டி. கை நடுங்கவே இல்ல.”